அண்ணன் விற்ற கார்

மார்ச் 4
இன்றும் இஞ்சினுக்கு ஒயில் விட்டேன். எஸ்ரன் அண்ணனிடம் இந்தக் காரை வாங்கி ஆறு வாரம்; இது மூன்றாவது போத்தல். "பழைய வண்டின்னா கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும் தங்கச்சி" என்கிறார். சரிதான் போல.

மார்ச் 7
என் வீட்டுக்காரர் யாகப்பருக்கு டயலிசிஸ் நாள். வாரம் இருமுறை ஹுன்னஸ்கிரியவிலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்கு இவரை பஸ்ஸில் ஏற்றி இறக்க முடியாமல்தான் காரே வாங்கினோம். இறக்கம் முடிந்து அக்சிலரேட்டரை அழுத்தியதும் பின்னால் நீலப் புகை. இவரும் கண்ணாடியில் பார்த்தார்.

மார்ச் 14
திகனவுக்கு முன்னால் டாஷ்போர்டில் ஒயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. உடனே நிறுத்திவிட்டேன். வெயில். இவருக்கு மூச்சு வாங்கியது. த்ரீவீலர் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் முறை தவறிவிட்டது. கெஞ்சிக் கேட்டபின் மத்தியானம் இடம் கொடுத்தார்கள். இவர் கையை நான் விடவேயில்லை.

மார்ச் 16
காரைத் தெல்தெனியவுக்கு இழுத்துவந்து மோகனராஜ் பாஸின் கராஜில் விட்டோம். பிளக்கைக் கழற்றிக் காட்டினார். எண்ணெயில் ஊறிக் கரி பிடித்திருந்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டதாம். பிறகு நம்பர் பிளேட்டைப் பார்த்தார்.

"இது எஸ்ரன் சேரோட வண்டியில்ல? இஞ்சின் இறக்கணும்னு போன வருஷமே சொன்னேனே. தை மாசம் வந்து, விக்கப் போறேன், புகை தெரியாம தடிச்ச ஒயிலா ஊத்திக் குடுங்கன்னாரு."

"ஊத்துனீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டார். "உங்களுக்குன்னு தெரியாது டீச்சர்."

மார்ச் 17
ஞாயிறு பூசை முடிந்து நேரே மஹய்யாவையில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். டொரதி அண்ணி தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. அவளுக்கும் தெரியும்.

"தெரிஞ்சா குடுப்பேனா?" என்றான். மோகனராஜ் பேரைச் சொன்னேன். தேத்தண்ணியை என் பக்கம் நகர்த்தி வைத்தான். அப்புறம் —

"வெளியாளுக்குக் குடுத்தா திரும்பி வந்து சண்டை பிடிப்பான். நீதானேன்னு நெனச்சேன்."

நீதானே.

மார்ச் 18
இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போற வண்டின்னு தெரியாதா அவனுக்கு? தெரியும். தெரியும்தானே.

ஏப்ரல் 20
ஒரு மாதம் பக்கத்து வீட்டு றம்லத்தின் வேனில்தான் போய்வந்தோம். இன்று இஞ்சின் வேலை முடிந்தது. மோகனராஜ் கூலி வேண்டாம் என்றார். கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

மே 26
இவரைப் பார்க்க அண்ணன் வந்திருந்தார், பப்பாசிப் பழத்தோடு. இருவரும் நன்றாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் சோறு போட்டேன். புறப்படும்போது மழை பிடித்துக்கொண்டது. வாசலில் நின்று காரையே பார்த்தார். கார் வாங்கிய புதிதில் வந்தபோதெல்லாம் சந்திவரை நான்தான் கொண்டுபோய் விட்டேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுண்ணே" என்று குடையை எடுத்துக் கொடுத்தேன்.