பெரட்டுக்குக் கொடுத்த பெயர்

என் செல்லம் மல்லிகாவுக்கு,

நீ போய் ஆறு வருஷமாகிறது. இப்போதும் பதுளையில் என் வகுப்பில் இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிடும்போது, பிள்ளைகள் "வந்திருக்கேன் டீச்சர்" என்று சொல்வதற்கு நடுவே உன் குரலும் ஒருமுறை கேட்கிறது. நிமிர்ந்து பார்க்கிறேன். யாரைத் தேடுகிறேன் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

அந்தக் காலையைப் பற்றி நாம் இரண்டு பேரும் ஒருநாளும் பேசியதில்லை, இல்லையா? முதுகு வலியால் அம்மா வேலையை விட்டதும், வீட்டிலிருந்து ஒருவர் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியாவிட்டால் நாம் குடியிருந்த லயத்துக் காம்பராவைக் காலி செய்யவேண்டும் என்றார்கள். மூத்தவள் நான், உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். நீ சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாய். விடியற்காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கேட்டுக் கங்காணி வாசலில் வந்து நின்று, "யாரும்மா பெரட்டுக்கு வர்றது?" என்று கேட்டபோது, நான் காய்ச்சல்காரி போலப் போர்வைக்குள் கிடந்தேன். பக்கத்தில் படுத்திருந்த உனக்கா தெரியாது, எனக்குக் காய்ச்சல் இல்லை என்று?

"எனக்குப் படிப்பு ஏறலக்கா. நீ படி," என்று சொல்லிவிட்டு அம்மாவின் கூடையை எடுத்துக்கொண்டு போனாய்.

இரண்டு மாதத்தில் உன் முடிவு வந்தது. என்னுடையதைவிட நல்ல முடிவு. அதை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, மறுநாளும் மலைக்குப் போனாய். நான் வாயைத் திறக்கவில்லை. கம்பசுக்குப் போனேன், டீச்சரானேன், டவுனில் வீடும் கட்டினேன். ஸ்டாஃப் ரூமில் என்னை ஒற்றைப் பிள்ளை என்றே நினைத்திருக்கிறார்கள். கொழுந்தெடுக்கும்போது குளவி கொட்டி நீ செத்த அன்றுகூட, சொந்தத்தில் ஒரு சாவு என்று சொல்லித்தான் லீவு எடுத்தேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்கிறாயா? என் வகுப்பில் நித்யா என்றொரு பிள்ளை, பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். கெட்டிக்காரி. இரண்டு வாரமாக வரவில்லை. சனிக்கிழமை தேடிப் போனேன். அவளுடைய அம்மா கை முடியாமல் வேலையை விட்டிருந்தார். காம்பரா போய்விடக்கூடாதென்று மகள் பேர் பதியப்போகிறாள். நம் வீட்டுக்குள்ளேயே நுழைந்த மாதிரி இருந்தது எனக்கு.

நித்யா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குப் படிப்பு ஏறலங்க டீச்சர். தம்பி படிக்கட்டும்."

அவர்களுடைய அடுப்படியில் நீ நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். சத்தியமாகச் சொல்கிறேன், நின்றாய்.

"என் தங்கச்சியும் இதேதான் சொன்னா. அது பொய்யின்னு தெரிஞ்சே நான் படுத்துக் கிடந்தேன்," என்றேன். உன்னைப் பற்றி நான் வெளியே சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அப்படியானால் காம்பராவுக்கு என்ன செய்வது என்று அவளுடைய அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. அவரையும் கூட்டிக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். பரீட்சை முடியும்வரை பார்க்கலாம் என்று தோட்டத்து மேனேஜர் துரை வாயால் சொன்னார், எழுதித் தரவில்லை.

நேற்றுத் திங்கட்கிழமை. நித்யாவின் பெயரைக் கூப்பிட்டேன். "வந்திருக்கேன் டீச்சர்." அவள் குரல் மட்டும்தான் கேட்டது. நீ எங்கே போனாய்? இன்னும் கோபம் தீரவில்லையா, இல்லை தீர்ந்துதான் போனாயா?

துரை சொல் மாறினால் அந்தக் குடும்பம் என் வீட்டுக்கு வரும். முன் அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். அவர்கள் யார் என்று எவராவது கேட்டால், உன் பெயரிலிருந்துதான் சொல்லத் தொடங்குவேன். இனி வாசலில் வந்து யார் கூப்பிட்டாலும் போர்வையை உதறிவிட்டு எழுந்து போவேன், மல்லிகா.

காய்ச்சல் இல்லாமல் படுத்துக் கிடந்த
உன் அக்கா