காரணம் எழுதும் கட்டம்

மார்ச் 3, செவ்வாய்

தொகுதி எல்லை வரைபடம், நான்காம் திருத்தம். இயக்குநர் என் மேசைக்கே வந்து, ஆலைக் குடியிருப்பின் குறுக்கே சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடு இழுத்தார். "இத மூணாப் பிரிச்சிடும்மா. மேலிடத்துல கேக்குறாங்க."

அந்த மக்கள் சேர்ந்து ஓட்டுப் போட்டால் ஆளுங்கட்சி தோற்கும். மூன்றாகப் பிரித்துவிட்டால் எங்கேயும் எடுபட மாட்டார்கள். அக்கா வீடும் அங்கேதான்.

வரைந்தேன். சம்பளம் வாங்குகிறவள்தானே.

மார்ச் 4

கோடு அக்காவின் தெரு நடுவே போகிறது. அவள் ஒரு தொகுதி, எதிர்வீட்டிலிருக்கும் அவள் மாமியார் வேறு தொகுதி. சட்டப்படியே தனிக்குடித்தனம்!

ஒவ்வொரு திருத்தத்துக்கும் படிவத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. ஆறு, சாலை, மக்கள்தொகை. பதினான்கு வருடமாக உள்ளதை உள்ளபடி போட்டுப் பழகிய கை. 'மேலிட விருப்பம், இயக்குநரின் வாய்மொழி உத்தரவு' என்று தட்டச்சு செய்தேன். அலுவலகத்துக்குள் மட்டும் இருக்கும் கட்டம், யார் படிக்கப் போகிறார்கள்?

மார்ச் 11

படித்துவிட்டார்கள். மக்கள் பார்வைக்கு வைக்கும் நகலில் அந்தக் கட்டத்தை மறைத்து அச்சடிக்க வேண்டும். மறந்துவிட்டார்கள். இன்று எல்லாப் பத்திரிகையிலும் என் வரி.

மார்ச் 12

அலுவலக வாசலில் பெரிய கூட்டம். முன்வரிசையில் அக்கா. ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

மார்ச் 13

அச்சுப் பிரிவு எழுத்தர்தான் விஷமமாக அந்த வரியைச் சேர்த்தாராம். அவருக்குத் தற்காலிகப் பணிநீக்கம். "நீ வாயத் திறக்காத, நான் பாத்துக்கறேன்" என்றார் இயக்குநர்.

படியிறங்கும்போது எழுத்தர் என்னைப் பார்த்தார். எழுதியது நான் என்று அவருக்குத் தெரியும். திட்டிட்டாவது போயிருக்கலாம்...

மார்ச் 16

விசாரணைக் குழு முன் போனேன். "எழுதுனது நான்தாங்க."

இயக்குநர் சிரித்தார். "இந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லைங்க, ஏதோ பேசுறாங்க."

சிவப்புப் பென்சில் கோடு போட்ட தாளை மேசைமேல் வைத்தேன். அதன்பிறகு அவர் சிரிக்கவில்லை.

ஜூன் 2

ஆவணக் கிடங்குக்கு என்னை மாற்றி இரண்டு மாதம். தூசி, தும்மல். எழுத்தர் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

இறுதி வரைபடம் இன்று கோப்பில் வைக்க வந்தது. ஆலைக் குடியிருப்பு முழுசாக ஒரே தொகுதி. அக்காவுக்குப் போன் செய்தேன். "அய்யோ, மறுபடியும் மாமியாரோட ஒரே வரிசையில நிக்கணுமாடி?" என்று சிரித்தாள், பிறகு அழுதாள்.

வரைபடத்தோடு புதிய படிவமும் இருந்தது. இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காரணம் எழுதும் கட்டத்தை எடுத்துவிட்டார்கள்.