பாதி பாதி மாத்திரை

மார்ச் 4, செவ்வாய்
வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி மாத்திரை, இரண்டாவது டப்பா. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. கருமுட்டை ஒழுங்காக வெளிவராதவர்களுக்கான புது மருந்து. பாதிப் பேருக்கு நிஜம், மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். கையெழுத்துப் போட்டபோது புரிந்த மாதிரி இருந்தது. இப்போது இல்லை.

வாங்க வேண்டியது: ரசப்பொடி, அருளுக்குப் பனியன்.

அம்பத்தூர் ஸ்டேஷன் பெஞ்சில் தேவி. வேப்பம்பட்டுக்காரி. ஸ்கேன் வரிசையில் பழக்கம், அவளும் இதே ஆராய்ச்சியில். "அக்கா, நம்மள்ல ஒர்த்திக்கு வெறும் மாவுன்னா இன்னா பண்றது? பாதி பாதி மாத்திக்கலாம். ஆளுக்குக் கொஞ்சமாவது நெஜ மருந்து போவும்ல." டிபன் பங்கிடுவதுபோல் பங்கிட்டோம். காலையில் என்னுடையது, ராத்திரிக்கு அவளுடையது. பெரிய புத்திசாலிகள் நாங்கள்.

மார்ச் 23, ஞாயிறு
பூசை முடிந்து கோயில் வாசலில் பக்கத்து பிளாட் ஆன்ட்டி: "விசேஷம் ஒண்ணும் இல்லியாம்மா?" எனக்கும் அருளுக்கும் கல்யாணமான ஒன்பது வருஷமாக இதே கேள்வி. இந்த ஆன்ட்டிக்கு அலுக்கவே அலுக்காதா?

மாதவிலக்கு சரியான நாளில் வந்திருக்கிறது. ஆறு மாதத்தில் முதல் தடவை. மருந்தா? மாவா? தவக்காலத்துக்கு டீயை விட்டதாலா? யாரைக் கேட்பது?

ஏப்ரல் 9, புதன்
தேவி போன். அழுகையும் சிரிப்புமாக. "அக்கா, ரெண்டு கோடு வந்துகீது!"

சந்தோஷம். பொறாமையும். எது முதலில் வந்தது என்று எழுத வெட்கம்.

ஏப்ரல் 11, வெள்ளி
கர்ப்பம் என்பதால் தேவியின் மாத்திரை எதுவென்று மட்டும் ரகசியப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தார்களாம். வெறும் மாத்திரை. குழந்தைக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். குதிக்கிறாள்.

அவள் தின்றதில் பாதி என்னுடையது. அது நிஜ மருந்தாக இருந்தால்? அவளுக்குத் தோன்றவே இல்லை. எனக்கு மட்டும் ஏன் தோன்றித் தொலைத்தது?

அருளிடம் சொன்னேன். "டாக்டர்கிட்ட சொன்னா ஆராய்ச்சியிலேர்ந்து உன்னை எடுத்துடுவாங்க ஸ்டெல்லா. ரெண்டு வருஷம் காத்திருந்து கெடச்ச இடம்." அதுவும் சரிதான். சோறு குழைந்துவிட்டது.

ஏப்ரல் 12, சனி
அரை நாள் லீவு. டாக்டரிடம் சொல்லிவிட்டேன். பேனாவை மூடி வைத்தார். "படிச்சவங்கதானேம்மா நீங்க?" என்னுடையதையும் பிரித்துப் பார்த்தார்கள். நிஜ மருந்து.

தேவியின் குழந்தைக்கு ஆபத்து இருக்காது என்றுதான் நினைக்கிறாராம். உறுதியாகச் சொல்ல முடியாதாம், அடிக்கடி ஸ்கேன் பார்க்க வேண்டுமாம். என் மீதி மாத்திரைகளை வாங்கிக்கொண்டார்கள். ஆராய்ச்சியிலிருந்து நீக்கியாயிற்று.

சாயங்காலம் தேவி போன். டாக்டர் அவளிடமும் சொல்லிவிட்டாராம். "உங்க மருந்தாலதான் எனக்கு நின்னுச்சாக்கா?" தெரியாது என்றேன். "எம்மேல கோவமா?" இல்லை, நல்லாச் சாப்பிடு என்றேன்.

என் மருந்து, அவள் பிள்ளை. பெருமையாக இருக்கிறது. அவள் முகத்தைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. திங்கள்கிழமை ஸ்கேனுக்குத் துணைக்கு வரச் சொல்கிறாள். மறுபடி அரை நாள் லீவு கேட்க வேண்டும்.