நிமிர்ந்தே சாக ஒரு பெயர் வேண்டி வெள்ளருவிக் கோமானுக்கு

நலம் பெருகுக. முள்ளியாற்றின் தென்கரைக் காவலரும், ஏழு குன்றுகளுக்கு உடையவரும், எவர் முன்னும் முதுகு வளையாத குடியின் பதினோராம் தலைமுறையினருமான கருங்கோட்டு முதுவேள், வடகரை வெள்ளருவி நாட்டுக் கோமான் ............... அவர்களுக்குத் தம் கைப்பட எழுதி விடுக்கும் ஓலை. தங்கள் ஏரிகள் நிறைக. தங்கள் களிறுகள் பாகன் சொல் கேட்க. தங்கள் முழங்கால் மூட்டுகள் வலியின்றி இருக்க. தங்கள் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் நான்கு விரல் அகலம் வெறுமையாக விட்டிருப்பதை இகழ்ச்சி என்று கொள்ள வேண்டாம். அதன் காரணத்தைச் சொல்லவே இவ்வோலை.

நாற்பத்தோர் ஆண்டுகளுக்கு முன் எம் தந்தையாரின் மெய்க்கீர்த்தி அவையில் வாசிக்கப்பட்டபோது, பதினேழாம் அடியில் தாங்கள் கொட்டாவி விட்டீர்கள். அன்றே தங்கள் பெயரை எம் நாட்டில் எவரும் உச்சரிக்கலாகாது என்று சபதம் செய்து ஆணையிட்டோம். பழைய ஓலைகளிலிருந்து அதைச் சுரண்டி எடுத்தோம். அதே பெயர் கொண்ட குயவர் ஒருவருக்கு வேறு பெயர் சூட்டி, மன வருத்தம் தீர ஒரு கறவைப் பசுவும் அளித்தோம். உறக்கத்தில்கூட யாம் அப்பெயரைச் சொன்னதில்லை; மறைந்த எம் தேவியார் இதற்குச் சான்று கூறியிருக்கிறார்.

இவ்வாண்டு எமக்கு எழுபத்திரண்டு நிரம்பியதால், இரு கரைக்கும் பொதுவான வழக்கப்படி எம் இறுதி விருப்பங்களைச் சொல்லும் முறி எழுதினோம். நாடு எம் மகள் வெண்பூதிக்கு. அதில் வழக்கில்லை. மற்றவை எம் உடலைப் பற்றியவை. உயிர் பிரியும் வேளையில் எம்மைப் படுக்க வைக்கலாகாது. இருக்கையில் நிமிர்ந்தபடியே போவோம். வாயைத் திறந்து கஞ்சி புகட்டலாகாது. இறந்தபின் ஈமத் தாழியில் இடும்போது முழங்காலை மடக்கலாகாது. நின்ற கோலத்திலேயே இட வேண்டும். அத்தனை உயரத் தாழியைச் சுட வேண்டுமானால் முதலில் சூளையைக் கோபுரம் போல எழுப்ப வேண்டும் என்று குயவர் முறையிட்டார். எழுப்புக என்றோம். ஏன் அப்பா, நிற்க வைத்தால் முதல் மழைக்கே சாய்ந்துவிடுவீர்களே, எல்லோரையும் போல உட்கார்ந்தால்தான் என்ன என்று வெண்பூதி கேட்டாள். சாய்வது மண்ணின் குற்றம், உட்கார்வது எம் குற்றம் என்று விளக்கினோம்.

முறிக்கு முத்திரை இடுமுன், எழுதியவர் தெளிந்த அறிவோடு இருக்கிறாரா என்று மன்றம் மூன்று வினாக்கள் கேட்பது தாங்களும் அறிந்ததே. விடை தவறினால் முறி செல்லாது. அவருக்காக முடிவு செய்யும் உரிமை சொற்காவலரிடம் போய்விடும். எம் சொற்காவலர் வெண்பூதி. அன்பு மிக்கவள், மெத்தையும் கஞ்சிக் கலயமும் இப்போதே ஆயத்தமாக வைத்திருக்கிறாள்.

காலையில் உண்டது யாது என்றனர். வரகுச் சோறும் அயிரை மீனும் என்றோம். மூத்த மகவின் நாள்மீன் எது என்றனர். பூரட்டாதி என்றோம். பகைவன் பெயர் யாது என்றனர். யாம் வாய் திறவாது நின்றோம். சபதம் காக்கும் வேள் வாழ்க என்று அவை ஆர்ப்பரித்தது. யாமும் தலையசைத்து ஏற்றுக்கொண்டோம். அப்போது எம் மகள் எழுந்து, சபதத்துக்காக வாயை மூடியிருக்கிறீர்களா அப்பா, பெயர் வராமல் மூடியிருக்கிறீர்களா என்றாள். வாயால் சொல்ல வேண்டாம், மணலில் எழுதிக் காட்டுங்கள், மருத்துவர் தாயனார் பார்த்ததும் அழித்துவிடலாம் என்றாள். அவையில் அப்பெயரை அறிந்த கிழவர் தாயன் ஒருவரே. அவர் முகத்தில் அன்று கண்ட புன்னகையை யாம் மன்னிக்கப் போவதில்லை. கோலை எடுத்தோம். மணல் ஈரமாக உள்ளது என்றோம். காய்ந்த மணல் கொண்டுவந்தார்கள். காற்று வீசுகிறது என்றோம். திரை கட்டினார்கள். மன்றம் ஒருவாறு பௌர்ணமி வரை தவணை தந்தது.

கோமானே, உள்ளதைச் சொல்கிறோம். தங்கள் பெயர் எமக்கு நினைவில்லை. இது முதுமையின் வேலை அன்று. நாற்பத்தோர் ஆண்டு இடைவிடா முயற்சியின் பயன். ஆனால் இந்த வேறுபாட்டை மன்றம் ஏற்காது. தாயனைக் கேட்டால் ஊரறியும். அன்று பெயர் மாற்றப்பட்ட குயவரைக் கேட்டோம், பசுவின் பெயர்தான் அவருக்கு நினைவிருக்கிறது. இனித் தங்களையன்றி வேறு எவரிடமும் கேட்க வழியில்லை.

ஆகவே கேட்டுக்கொள்வது: தங்கள் பெயரைத் தங்கள் கையாலேயே, கூட்டெழுத்தின்றித் தெளிவாக ஓர் ஓலையில் எழுதி, அரக்கு முத்திரை இட்டு, இதைக் கொணரும் சேந்தனிடம் தர வேண்டும். அவன் எம் நாட்டான். அவன் காதில் அப்பெயர் விழலாகாது. தங்கள் வாயிலோர் தங்களை வாழ்த்திக் கூவும் வேளையில் அவனை யானைக் கொட்டிலில் நிறுத்தி வைக்கவும். இதனால் பகை தீர்ந்தது என்று எவரும் எண்ண வேண்டாம். பெயர் தெரிந்த பின் பகை இன்னும் செம்மையாக நடைபெறும்.

தங்களுக்கும் எழுபது கடந்துவிட்டது. தங்கள் மன்றமும் அதே மூன்றாம் வினாவைக் கேட்கும். எம் பட்டங்கள் மூன்று ஓலைக்கு நீள்பவை. அந்த நேரத்தில் அவை தங்களுக்கு உதவா. எனவே அவற்றை நீக்கி, என் பெயரை மட்டும் நினைவில் வைக்கத் தக்கவாறு கீழே எழுதுகிறேன். இது எம் ஆணை. பௌர்ணமிக்கு முன் நிறைவேறுக. கொம்பு முத்திரை இட்டேன்.

நன்னாகன்.