நுரை எழும்பும் நேரம்

மைனி,

இன்று காலை வெண்கல உருளியைப் புளி போட்டுத் தேய்த்து அடுப்பில் ஏற்றினேன். அருகம்புல் சாறும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்து கொதித்ததும் அந்த மணம் எழுந்தது. வரப்பில் மழைக்குப் பிறகு வருமே, அந்தப் பச்சை மணம். அதற்குள் உன் சேலை மணமும் கொஞ்சம் இருந்தது. உயிரோடு இருந்தவரை உன்னை 'நீங்க' என்றேன். வீட்டுக்காரரின் அக்காவை வேறெப்படிச் சொல்வது? இனி 'நீ'தான். கேட்க நீயும் இல்லை.

தாலி அறுத்து நீ பூதப்பாண்டிக்குத் திரும்பி வந்தபோது உனக்கென்று இந்த வீட்டில் இருந்தது இந்த எண்ணெய் ஒன்றுதான். தெருவில் எந்தப் பிள்ளைக்குக் கரப்பான் புண் வந்தாலும் தாய்மார் கிண்ணத்தோடு நம் பின்வாசலில் நிற்பார்கள். நீ அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு காய்ச்சுவாய். இருக்கும் ஒன்றையும் விட்டுக்கொடுக்க மனமில்லை; அது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தது என்பதற்காக மன்னிக்க வேண்டுமா என்ன?

என் மகளுக்கு முழங்கை மடிப்பில் கரப்பான் வந்து நீர் வடிந்தபோது, தெருவுக்கெல்லாம் கொடுத்த உன் கை எனக்கு மட்டும் மூடிக்கொண்டது. ஏதோ பேச்சில் நான் உன்னை எதிர்த்துவிட்டேனாம். கெஞ்சினேன். "நானே காய்ச்சுகேன் மைனி, பக்குவத்த மட்டும் சொல்லுங்க" என்றேன். அம்மியிலிருந்து திரும்பிக்கூடப் பாராமல் சொன்னாய்:

"காய்ச்சு. நொர அடங்கினதும் எறக்கு. நெய்யி உருக்கத் தெரியும்லாட்டி ஒனக்கு? அதே மாதிரிதான்."

நம்பினேன். நெய்யில் நுரை அடங்கினால் இறக்குகிறோம்; எண்ணெயும் அப்படித்தான் என்று எந்த வீட்டுப் பெண்ணும் நம்புவாள். நுரை பொங்கி எழுந்தது, நான் காத்திருந்தேன். அடங்கியது, இறக்கினேன். எண்ணெய் கறுத்துக் கருகிப்போயிருந்தது. அதுதான் நிறம் போலும் என்று பிள்ளைக்குப் பூசினேன். கை முழுக்கக் கொப்பளித்துவிட்டது. அவள் வீறிட்டதில் தெருவே கூடியது. நீ வாசலில் நின்று, "இவ கைபட்டா எண்ணெகூட சுடும்" என்றாய். சிலர் சிரித்தார்கள். உன் தம்பியும் "இனி நீ அடுப்புல உருளி வைக்காண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

மகளைத் தூக்கிக்கொண்டு கொட்டாரம் ஊரில் இருக்கும் என் அம்மை வீட்டுக்குப் போனேன். அங்கே அடுத்த தெருவில் ஒரு வைத்திய ஆசான். மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நர்ஸம்மா ஒருத்தி மாலையில் ஜெபக்கூட்டத்துக்கு அந்த வழியாகப் போவாள். இரண்டு பேரையும் என் அம்மை வீட்டு முற்றத்தில் சேர்த்து உட்காரவைத்தேன். சேருவார்களா?

"துணிய வேவிச்சு எடுத்துத்தான் புண்ணத் தொடைக்கணும் ஆசானே."

"துணிய வேவிச்சு கறி வைக்கப் போறியா மக்கா?"

"ஒமக்க நகத்துல இருக்க அழுக்கயும் சேத்து வேவிச்சா நல்லது."

ஆசான் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டார். மறுநாள் நகம் வெட்டிவிட்டு வந்தார். எண்ணெய்ப் பக்குவம் அவருடையது, புண்ணைக் கழுவும் விதம் அவளுடையது, நெருப்பைக் கூட்டிக் குறைக்கும் கை என்னுடையது. யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று பிரித்து எழுத என்னால் ஆகாது. இத்தனைக்கும் வீட்டுக் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதுகிறவள் நான்.

நுரை எழும்பும்போதே எண்ணெயை இறக்க வேண்டும் என்று அங்கேதான் அறிந்தேன். அன்று ஆசான் கேட்டார்: "அடங்கட்டும்னு ஒனக்கு சொன்னது ஆரு?" பதிலை உனக்காக வைத்துக்கொண்டேன்.

ஆனாலும் நேரம் பிடிபடவில்லை. ஈரம் வற்றும்போது சடசடப்பு குறைந்து நின்றுபோகும்; நுரை எழும்புவதும் அப்போதுதான். அதை உடனே பிடிக்க வேண்டும். நான் அடுப்படியில் உட்கார்ந்து சிவநாமம் சொல்வேன், ஒவ்வொரு நாமத்துக்கும் நடுவே உன்னைத் திட்டுவேன். ஆசான் கவனித்துவிட்டார்.

"ஏம்மா, ஒனக்க சாமிக்கு காது உண்டுல்லா? சொல்லாட்டாலும் கேப்பாரு. வாய மூடி இரி. மனசயும் மூடு. இப்பம் எண்ணெ பேசுகு, அதக் கேளு."

நாமத்தை நிறுத்திவிட்டேன். உன்னைத் திட்டுவதை நிறுத்துவதுதான் பாடாக இருந்தது. தினமும் விடிகாலையில் கண்மூடி உட்கார்ந்து பழகினேன். அடுப்பு மூட்டும்போது உன்னைச் சாவிக்கொத்துபோல் இடுப்பிலிருந்து எடுத்துக் கீழே வைப்பேன். எண்ணெயை இறக்கியதும் மறக்காமல் எடுத்துச் செருகிக்கொள்வேன். சடசடப்பு ஓய்ந்த அந்தக் கணம் ஒருநாள் எனக்குக் கேட்டது. கோயிலில் தீபாராதனை மணி நின்ற பிறகு வருமே ஓர் அமைதி, அதுபோல. மகளின் கை ஆறியது. தழும்பு மட்டும் போகவில்லை.

திரும்பி வந்து நான் செய்ததை நீ மறந்திருக்கமாட்டாய். முற்றத்தில் கல்கூட்டி, உன் உருளியை ஏற்றி, தெருப்பெண்கள் எல்லாரையும் கூப்பிட்டேன். மறைக்காமல் காய்ச்சிக் காட்டினேன். "இம்புட்டுதானா? இதுக்கா ஒனக்க மைனி கதவ அடச்சா?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். இந்த முறை நீ உள்ளே இருந்தாய். அப்புறம் பின்வாசலுக்கு ஒரு கிண்ணமும் வரவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சாமி கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

நீ படுக்கையில் விழுந்து முதுகு புண்ணானபோது வேவித்த துணியால் துடைத்து எண்ணெய் பூசியது நான்தான். உன்மேல் இரக்கம் கொண்டு அல்ல. என் கை சுடாது என்று உன் தோலுக்குத் தெரியவேண்டும். நீ எண்ணெயை முகர்ந்து பார்த்தாய்.

"நொர எழும்பினப்பம் எறக்கினியா?"

"அடங்கட்டும்னு எனக்குச் சொன்னது ஆரு மைனி?"

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய்.

இன்றும் அடுப்பு மூட்டும்முன் உன்னைக் கீழே வைத்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்லுமுன் "இப்பம் எறக்கும்மா" என்றாள். சரியாக இருந்தது. அந்தத் தழும்புக் கையாலேயே உருளியின் ஒரு காதைப் பிடித்தாள். எண்ணெயை வடித்து, அடுப்பை மெழுகி, குளித்து, விளக்கேற்றிய பிறகுதான் நினைவு வந்தது. உன்னை எடுத்துச் செருக மறந்துவிட்டேன்.

ஓடிப்போய் எடுத்துக்கொண்டேன், மைனி. அவ்வளவு எளிதில் உன்னை விட்டுவிடுவேனா?