சந்துக் கக்கூஸுக்குப் பூட்டு

ஜூன் 2, திங்கள்

எங்கள் சந்துக் கக்கூஸை முனிசிபாலிட்டி இன்று காலை பூட்டிவிட்டது. விடிந்ததிலிருந்து மழை. போன வாரம் பெண்கள் பக்கம் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுந்தது. யார் தலையிலும் விழவில்லை, அதுவரைக்கும் புண்ணியம். எஞ்சினியர் வந்தார், பார்த்தார், 'ஆபத்தான கட்டடம்' என்று மராத்தியில் ஒரு தாள் ஒட்டினார். இன்று பூட்டு. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவார்களாம். தீபாவளிக்குள்.

சந்துக்காரர்கள் போன் குரூப்பில் பேசிப் போட்டேன். பெரியவர்கள் பாதிப் பேருக்கு மராத்தி படிக்க வராது, சின்னதுகளுக்குத் தமிழ் படிக்க வராது. அதனால் வார்டு சமாசாரத்தைத் தினமும் காலையில் வாயால் சொல்லி அனுப்புவது என் வேலை ஆகிப்போச்சு. இன்றையது: கக்கூஸ் பூட்டு. ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கச் சந்தில் உள்ளதுதான் இனி. சில்லறை கொண்டு போகணும். புதன் தண்ணீர் கம்மி. வியாழன் கொசு மருந்து, பாத்திரத்தை மூடி வைக்கணும்.

மதினி, அண்ணன் பெண்டாட்டி, கோடவுன் மேலே எங்கள் அறைக்கு ஏறும் இரும்பு ஏணி மேல்படியில் உட்கார்ந்து அதையே மறுபடி ஓட விட்டாள். போன் இல்லாத பெண்கள் எல்லாம் அவளிடம்தான் வருவார்கள். நான் சொல்வது வெறும் தகவல். மதினி தன் ஹிந்தியில் ஒரு தடவை சொன்னால்தான் சந்துக்கு அது உத்தரவு.

"தீபாவளின்னா எந்தத் தீபாவளின்னு கேட்டியா மணி?" என்றாள். கீழே நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும்தான்.

கோடவுன் கிழக்குச் சுவர் ஓதம். அட்டைக் கட்டுகளைப் பலகை மேல் ஏற்றணும். தார்ப்பாய் இரண்டு.

ஜூன் 4, புதன்

இடித்தாச்சு. மதியத்துக்குள் தரைமட்டம். தண்ணீர் சொன்னபடியே கம்மி, நூல் மாதிரி வந்தது. எப்படியோ மேலே மதினி குடிக்கிற குடத்தை நிரப்பினேன்.

பழைய அட்டைப்பெட்டி ஒரு லோடு வந்தது. பாதி நனைந்த சரக்கு. ஈரத்துக்குக் கழித்துத்தான் எடை எழுதினேன். டெம்போக்காரன் முகம் சுண்டிப்போச்சு. போகட்டும், நனைந்த பெட்டியை மடித்துக் கம்பிப் பின் அடித்து விற்றால் வாங்கினவன் என் முகத்தில் எறிவான்.

பெட்டி மடிக்க வரும் லட்சுமி ஒன்று சொன்னாள். அந்தப் பக்கக் கக்கூஸ் க்யூவில் அந்தச் சந்து வளையல்காரி மதினியைப் பார்த்து, "ஒங்க சந்து ஆளுவளும் இங்கதானா? அப்ப நாங்க எப்பப் போறதாம்?" என்றாளாம். மதினி பதில் பேசவில்லையாம்.

எனக்கு அதுதான் ஆச்சரியம். மதினி பதில் சொல்லாமல் விட்ட சண்டை ஒன்றுகூட ஞாபகம் இல்லை. கேட்டேன்.

"முட்டி வலியில நிக்கேன். வாயி எங்கருந்து வரும்?"

ஜூன் 7, சனி

பக்ரீத். மழை விட்டு விட்டு. எதிர்த் தோல் பட்டறை ஷாகுல் பாய் வீட்டிலிருந்து பிரியாணி. மதினி இரண்டு வாய்க்கு மேல் தொடவில்லை. வயிறு மந்தமாம்.

பாய் வாசலில் நின்று சொன்னது: "அண்ணாச்சி, பட்டறைக்குள்ள பயலுவளுக்குன்னு ஒண்ணு கட்டி வச்சிருக்கேன்லா. அக்கா எப்ப வேணாலும் வரட்டும். சாவி தாரேன்."

தங்கமான மனுஷன். ஆனால் அங்கே வேலை பார்க்கிற பீகார் பையன்களுக்குப் படுக்கையும் அங்கேயேதான்.

மதினி: "பத்துப் பயலுவ காலை நீட்டிப் படுத்துக் கெடக்கான். நான் அவனுவளத் தாண்டித் தாண்டிப் போவவா? பாய்க்கு ரொம்ப சந்தோசம்னு சொல்லிரு. சாவி வேண்டாம்."

சரி, நம் இடத்திலேயே கட்டிவிடுவோம் என்று பிளம்பரைக் கூப்பிட்டேன். கோடவுன் மூலையைக் காட்டினேன். ஏரியாவை இடித்துக் கட்டும் திட்டத்துக்கென்று சர்வேக்காரர்கள் சுவரில் எழுதிப் போன நம்பரை அவன் காட்டினான். நம்பர் போட்ட வீட்டில் செங்கல் ஒன்று கூடினாலும் பிற்பாடு பதில் வீடு கேட்கும்போது சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல், இந்தச் சந்துக்கு அடியில் கழிவுக் குழாயே கிடையாது; பாய் பட்டறைக்குப் பின்பக்கம் ரோட்டுக் குழாய் இருக்கிறது, நமக்கு இல்லை. "எங்க விடுவீங்க சேட், வாசல் சாக்கடையிலயா?" வாசல் சாக்கடையை ஒட்டித்தான் எல்லோருக்கும் குடிதண்ணீர்க் குழாய் ஓடுகிறது. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

கணேசன் போன். மதினி மகன். முலுண்டில் ஃப்ளாட், ஐரோலியில் ஆபீஸ். "சித்தப்பா, அம்மாவ இங்க அனுப்பி வைங்க. ரெண்டு பாத்ரூம் இருக்கு."

மதினி போனைப் பிடுங்கி: "ரெண்டு என்னத்துக்குல? எனக்கு ஒண்ணு போதும். அது இந்தச் சந்துல வேணும்."

ஜூன் 10, செவ்வாய்

வார்டு ஆபீஸில் கேட்டிருந்த நடமாடும் கக்கூஸ் வண்டி வந்தது. சந்துக்குள் நுழையாது, ரோட்டு முனையில் நிற்கிறது. ஏற மூன்று இரும்புப் படி, ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். மதினி ஒரு தடவை போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிட்டாள். "பஸ்ஸுன்னா கண்டக்டராவது கை குடுப்பான்."

வார்டு ஆபீஸில் போய்ச் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தேன். முன்பெல்லாம் நகர்சேவகர், அதான் கவுன்சிலர், வீட்டு வாசலில் போய் நின்று கத்தலாம். எலெக்ஷன் நடக்காமல் வார்டுக்கு நகர்சேவகரே இல்லை. திட்டக்கூட ஆளில்லை.

மதினி காலையில் டீ வேண்டாம் என்றாள். பித்தமாம். மேலே குடத்தில் கழுத்துவரை தண்ணீர் இருந்தது, ஒரு வேலை மிச்சம்.

மருந்துக் கம்பெனி ஆர்டர் வெள்ளிக்குள் போகணும். பெட்டிக்கு அடிக்கிற பின் கம்பிச் சுருள் தீர்ந்தது.

ஜூன் 13, வெள்ளி

மதினி விழுந்துவிட்டாள். விடிகாலையில், அந்தப் பக்கக் க்யூவில், கொட்டுகிற மழையில், நின்ற இடத்திலேயே.

தூக்கி ஆட்டோவில் ஏற்றியது அந்த வளையல்காரிதான். ஆஸ்பத்திரி வரைக்கும் மடியில் தலையை வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். மதினி போனில் கடைசியாக ஓடின குரல் என்னுடையது. அதைப் பார்த்து எனக்குப் போன் அடித்திருக்கிறாள். நான் போய்ச் சேர்ந்ததும், "அண்ணே, நான் அன்னைக்கு ஏதோ சொல்லிட்டேன், அக்கா கண்ணு முழிச்சதும் சொல்லிருங்க" என்று என்னிடம் அழுதாள்.

டாக்டர் சின்னப் பெண். உடம்பில் தண்ணீர்ச் சத்தே இல்லை, மூத்திரத்தில் கிருமி, காய்ச்சல். ஹிந்தியில், சித்தப்பா முறை வைத்து என்னைக் கேட்டாள்: "காகா, வீட்டில் இவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பதில்லையா?"

சீட்டை வாங்கிக்கொண்டு மருந்துக் கடைக்கு நடந்தேன்.

சட்டை மாற்ற வீட்டுக்கு வந்து மேலே ஏறினேன். குடம் நிறைய அப்படியே. மூடி மேல் டம்ளர் கவிழ்த்தபடி, உலர்ந்து. கோடவுனில் ஒரு கட்டு நகராமல் கிடந்தால் மறுநாளே எனக்குக் கண்ணில் படும். இது படவில்லை. வேலை மிச்சம் என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன்.

ஆர்டர் போகவில்லை. திங்கள் என்று சொன்னேன்.

ஜூன் 15, ஞாயிறு

தேவலாம். பேசுகிறாள். டிரிப் ஓடுகிறது.

"ஏன் மதினி தண்ணி குடிக்கல?"

"குடிச்சாத்தான போவணும். குடிக்காட்டா காலையில ஒரு தடவையோட முடிஞ்சுது."

"என்ட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா."

"எதச் சொல்ல? கொழுந்தன்ட்ட போயி எனக்கு ஒண்ணுக்கு வருதுன்னா?"

பக்கத்துக் கட்டில்காரி மான்குர்த்தில் இருந்து வந்த தமிழ்ப் பொம்பளை. "நாங்களும் அப்படித்தாம்மா இருக்கோம்" என்றாள், பஸ் லேட் என்று சொல்வதுபோல.

கணேசன் வந்தான். வெளியே வராந்தாவில் வைத்து என்னைப் பிடித்தான். "ஊருக்கெல்லாம் நியூஸ் வாசிக்கீங்க. பக்கத்து ரூம்ல நடந்தது தெரியல?" பெரிய குரலில் இல்லை. அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவன் போனபிறகு வாட்ச்மேன் என்னை உட்காரச் சொன்னார்.

குரூப்பில் இன்று: நாளை கால்வாய் தூர் வாருவார்கள், வண்டிகளை எடுக்கணும். மதினி நலம்.

ஜூன் 16, திங்கள்

டிஸ்சார்ஜ். ஏணியில் ஏற்ற நாலு பேர். சந்துப் பெண்கள் எல்லாம் கீழே. மதினி மேலே போய் உட்கார்ந்ததும் கேட்டது, "கொசு மருந்து அடிச்சானுவளா?"

மாட்டுங்காவில் ஆஸ்பத்திரிச் சாமான் கடையில் ஒரு நாற்காலி வாங்கி வந்தேன். நடுவில் ஓட்டை, அடியில் வாளி. பேரம் பேசவில்லை. முன்னறையில் போட்டு, மறைக்கத் திரையும் கட்டினேன்.

மதினி திரையை விலக்கி வாளியைக் காலால் தட்டிப் பார்த்தாள்.

"வாளிய யாரு கொட்டுவா?"

"நான்தான். வேற யாரு இருக்கா?"

உண்மைதானே. அண்ணனும் போய், என் வீட்டுக்காரியும் போய், கோடவுன் மேல் இந்த இரண்டு அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். முன்னறை அவளுக்கு, பின்னறை எனக்கு. அவள் பொங்குவாள், நான் சாமான் வாங்கிப் போடுவேன்.

"ஒங்க அண்ணன் இருந்தா அவாளையே கொட்ட விட்டுருக்கமாட்டேன். நீ கொட்டுவியோ. அதுக்கு அந்த ஆஸ்பத்திரியிலேயே கண்ண மூடியிருக்கலாம்."

சாயங்காலம் பார்த்தேன். நாற்காலி மேல் பழைய சேலையை விரித்து அரிசி டப்பாவைத் தூக்கி வைத்திருக்கிறாள். லட்சுமியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, மழையில், அந்தப் பக்கத்துக்கு நடந்தே போய் வந்தாள். வளையல்காரி க்யூவில் முதல் ஆளாக விட்டாளாம்.

கம்பெனி ஆர்டர் போயாச்சு.

ஜூன் 17, செவ்வாய்

வார்டு ஆபீஸ் போனேன். எஞ்சினியரைத் தனியாகப் பிடித்தேன். எப்போது வேலை ஆரம்பம், தீபாவளி என்றால் எந்தத் தீபாவளி, மதினி கேட்ட மாதிரியே கேட்டேன்.

நல்ல பையன், கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான். கட்டப்போவதில்லை. இந்த ஏரியா முழுக்க ரீடெவலப்மென்டில் போகிறதாம், பழைய இடத்தில் புதிதாக எதுவும் கட்டவேண்டாம் என்று மேலிடத்து உத்தரவு. ஃபைல் மூடியாச்சு.

"அப்புறம் எதுக்கு இடிச்சீங்க?"

"இடிக்கிற ஆர்டர் வேற டிபார்ட்மென்ட், காகா."

என் செலவில் கட்டித் தருகிறேன் என்றேன். எவ்வளவு ஆனாலும். அவன் டீயை என் பக்கம் தள்ளினான். "உங்க காசுல கட்டினாலும் அதை இடிக்க நான்தான் வரணும்."

வெளியே நல்ல மழை. குடை இருந்தும் விரிக்கவில்லை, எதற்கென்று தெரியவில்லை.

சந்துக்குச் சொல்லணும். போனை எடுத்தேன். மேலே ஏணிப்படியில் மதினி போனைக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சட்டைப்பையில் போட்டுவிட்டேன். இத்தனை வருஷத்தில், தண்ணீர் வராது என்றாலும் வீடு போகும் என்றாலும் வந்ததை வந்தபடி சொல்லியிருக்கிறேன். இன்று ஒன்றும் போடவில்லை.

ஜூன் 18, புதன்

மழை இல்லை. கணேசன் லீவு போட்டுவிட்டுக் காரோடு வந்தான். மருமகளும் வந்தாள். நல்ல பிள்ளை, தரையில் உட்கார்ந்து மதினி மருந்தையெல்லாம் பிரித்து வைத்தாள். அவர்கள் இருவரும் ஆபீஸ், பிள்ளை ஸ்கூல். மதினி பயப்படுவது அந்தப் பகலைத்தான்.

"அங்க கதவச் சாத்தினா சாத்தினதுதான். தண்ணி வருதா வரலயான்னு கேட்டு ஒரு ஆளு வராது. கொழாயில எப்பப் பாத்தாலும் தண்ணி வருமாம்லா."

மதினி என்னைப் பார்த்து, "நேத்து நீ குரூப்புல பேசலயே. தொண்டை கட்டிருச்சா?"

"ஆமா மதினி."

"சுக்கு தட்டிப் போட்டுக் குடி." கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் முந்தானையை இடுப்பில் சொருகினாள். "சரி, போறேன். சும்மா போவமாட்டேன். பேசி முடிச்சிட்டுத்தான்."

ஒரு பக்கம் கணேசன், ஒரு பக்கம் மதினி, நடுவில் தரகன் மாதிரி நான். ஷாகுல் பாய் சாட்சி. பேசி முடிந்தது இது.

முன்னறையை வாடகைக்கு விடக்கூடாது. பூட்டி, சாவி அவள் கையில். குடமும் ஏணியும் இருக்கிற இடத்திலேயே இருக்கணும்.

எனக்கு இரண்டு வேளைச் சோறு லட்சுமி பொங்கித் தருவாள். புளி ஊரிலிருந்து வருகிறதுதான்.

மாசம் ஒரு ஞாயிறு கணேசன் அவளைச் சந்துக்குக் கூட்டி வரணும். அன்றைக்கு அந்தப் பக்கக் கக்கூஸில் வளையல்காரி இடம் பிடித்துத் தருவாள், பேசியாச்சு.

முலுண்டில் வேளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்கணும். இது கணேசன் போட்டது. மதினி ஒன்று என்றாள், ஒன்றரையில் முடிந்தது.

காலைச் செய்தியை நான் நிறுத்தக்கூடாது. கக்கூஸ் பற்றி நல்லதோ கெட்டதோ, எது வந்தாலும் அதைத்தான் முதலில் சொல்லணும்.

கக்கூஸ் திறக்கிற அன்றைக்கே அவள் திரும்பி வந்துவிடுவாள், மகனோ மருமகளோ மறுபேச்சுப் பேசக்கூடாது. அதற்கு முதலில் சரி என்றது நான்.