சத்தம் கொடுக்காமல் பின்னால் போனவர்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா, அண்ணன், நான் மூவரும் சுகம். நான் சுகம் என்பதை இந்த முறை கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏன் என்று உனக்குத் தெரியும். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் முனகுகிறாள். அண்ணன் வேலை மாறிவிட்டான், புது முதலாளியை ஒரு வாரமாகத் திட்டவில்லை, அதுவே அதிசயம். நம் லாயத்துக் கோபக்காரி, அதுதான் உன் பின்னலைக் கடித்த பழுப்புக் குதிரை, குட்டி போட்டிருக்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குதிரை மருத்துவமனையில் வேலை பழகும் மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிற அந்த அறக்கட்டளையிலிருந்து போன செவ்வாய்க்கிழமை ஒரு கடிதம் வந்தது. உறைமேல் குடும்பத்தாருக்கு என்று போட்டிருந்தது. நான் அதைப் பிரிக்காமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லாயத்துக்குப் போனேன், பெருமைதான், வேறென்ன. கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டதால் நம் குதிரை டாக்டரிடம் கொடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படியுங்கள் என்றேன். லாடம் அடிக்க வந்தவர், காவலாளி, சவாரி சொல்லித்தரும் டீச்சர் எல்லோரும் சுற்றி நின்றார்கள். உனக்குச் சிபாரிசு எழுதித் தந்த மனுஷர் அல்லவா, உற்சாகமாகத்தான் ஆரம்பித்தார். உங்கள் மகளின் விண்ணப்பக் கட்டுரையை எங்கள் ஆண்டு மலரில் போடுகிறோம், உங்கள் கணவரின் மறைவுக்கு வருந்துகிறோம், அன்னாரின் புகைப்படம் ஒன்று வேண்டும் என்பதுவரை படித்துவிட்டு நிறுத்திவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது தேவலையாக இருந்திருக்கும். டாக்டர் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்து, "இத வீட்ல போய்ப் படிங்க" என்றார்.

படித்தேன். கட்டுரையையும் கூடவே வைத்திருந்தார்கள். ஏன் குதிரை வைத்தியம் என்ற கேள்விக்கு நீ எழுதிய பதில் அது. வயிற்று வலியில் துடித்த ஒரு குதிரைக்கு வைத்தியர் கிடைக்கவில்லை, என் அப்பா சத்தம் கொடுக்காமல் அதன் பின்னால் போனார், அது உதைத்ததில் இறந்தார், அன்றே நான் முடிவெடுத்தேன் என்று எழுதியிருக்கிறாய். என்னைக் கொன்றாயே, அதைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். சத்தம் கொடுக்காமல் பின்னால் போனேன் என்று எழுத உனக்கு எப்படியடி மனசு வந்தது? இருபத்தாறு வருஷமாக லாயத்தில் குதிரை பிடிக்கிறேன், குரல் கொடுக்காமல் குதிரையின் பின்னால் போகக் கூடாது என்பதுதான் இந்த வேலையில் முதல் பாடம். கடி வாங்கியிருக்கிறேன், கால் விரல் நசுங்கியிருக்கிறது, உதை மட்டும் வாங்கியதில்லை. அந்தக் குதிரைக்கு வயிற்று வலி வந்தது உண்மை. டாக்டர் வந்து சேரும்வரை நீயும் நானும் மாறி மாறி அதை நடத்தினோம், பள்ளிச் சீருடையோடு அதன் வயிற்றில் காதை வைத்து, குடல் சத்தம் வந்துடுச்சுப்பா என்று கத்தியவள் நீ. அதை எழுதியிருந்தால் போதாதா? போதாது என்று நினைத்திருக்கிறாய். என் பிழைப்பு உனக்கு அவ்வளவு சாதாரணமாகத் தெரிந்திருக்கிறது.

அம்மாவிடம் காட்டினேன். அவள் பதறவே இல்லை, அதுதான் எனக்கு அடுத்த அடி. தந்தை காலமானார் என்று இருந்ததைப் பார்த்துத்தான் பெற்றோர் கையெழுத்தைப் போட்டாளாம். "பேப்பர்லதானே செத்தாரு, நேர்ல இல்லையே" என்று நீ சொன்னாயாம், அவளும் சரி என்றாளாம். அதற்குப் பிறகு நாலு மாதம் எதிரே உட்கார்ந்து என்னோடு சாப்பிட்டவள். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டீர்கள். அவளோடு தேவைக்குத்தான் பேசுகிறேன். டாக்டரும் என்னோடு அப்படித்தான், அவர் கையெழுத்தும் அந்த விண்ணப்பத்தில் இருக்கிறது அல்லவா. நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன், யாராவது கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

உண்மை தெரிந்தால் உதவித்தொகையை நிறுத்திவிடுவார்கள் என்று எனக்கும் தெரியும். குதிரைக்குப் பல்லை அரத்தால் ராவவும் காலில் கட்டுப் போடவும் இப்போதுதான் உன் கை பழகி வருகிறது, அது பாதியில் நின்றுபோகும் என்பதும் தெரியும். ஆனாலும் போய்ச் சொல். உன் இடத்துக்காகக் காத்திருந்த இன்னொரு பிள்ளைக்கும் ஓர் அப்பா இருந்திருப்பார், அவரை அது கொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பூட்ஸ் போடாமல் லாயத்துக்குள் இறங்காதே. எந்தக் குதிரையும் உன்மேல் காலை வைக்காமல் இருக்கட்டும், நீ நினைத்த படிப்பு உனக்கு நேர்வழியில் கிடைக்கட்டும். மறக்காதே, புகைப்படம் விஷயமாக அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை காலை அறக்கட்டளைக்காரர்கள் நம் வீட்டுக்குப் போன் செய்வார்களாம். அதற்குள் நீயே சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு நான் லீவு போட்டிருக்கிறேன். போனை நான்தான் எடுப்பேன். யார் பேசுவது என்று கேட்டால், அவளுடைய அப்பா பேசுகிறேன் என்று சொல்வேன்.

இப்படிக்கு,
அப்பா